தொழுவத்தில் தொடங்கிய பள்ளி

மூன்று ஞானிகளின் திருவிழா முடிந்து, ஆலயத்தில் பாலன் குடிலைப் பிரித்து சுரூபங்களைப் பெட்டிக்குள் அடுக்கிவைக்கும் நாள்களில், சனவரி 12 அன்று, கனடா நாட்டுத் திருச்சபை ஓர் ஆசிரியைக்கு விழா எடுக்கிறது. புனித மார்கரீத் பூர்ஜுவா என்பது அவர் பெயர். மாண்ட்ரியல் நகரின் முதல் ஆசிரியை அவர். நம் பங்குகளில் அவ்வளவாக அறியப்படாத பெயர்தான். ஆனால் நம் ஊர்களில் கன்னியர்கள் நடத்தும் பள்ளியில் படித்தவர்கள், அந்தச் சகோதரிகள் சாயங்காலம் குடையும் கையுமாக வீடு வீடாகப் போய் நோயாளிகளைச் சந்திப்பதைப் பார்த்தவர்கள், இவரைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் ஒரு துறவுப் பெண் தெருவில் நடந்து போவது ஒரு காலத்தில் சாதாரண காரியமாக இருக்கவில்லை.

பிரான்சு நாட்டில் துருவா என்ற நகரில் 1620ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, மார்கரீத் பிறந்தார். தந்தை மெழுகுதிரி செய்பவர். நகரின் நாணயச் சாலையிலும் பணி செய்தார். பிள்ளைகள் நிறைந்த வீடு. தாய் இறந்தபோது மார்கரீத் இருபது வயதைத் தொடவில்லை. தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர் மேல் விழுந்தது. இளம் வயதில் அவர் ஒன்றும் பெரிய பக்திமான் அல்ல. கலகலப்பானவர், தோழிகள் நிறைந்தவர், உடையிலும் அலங்காரத்திலும் அக்கறை உள்ளவர். அந்நகரில் ஏழைச் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பெண்கள் குழு ஒன்று இருந்தது. அதில் சேர்ந்தால் தன்னைப் பக்திப் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயந்து ஒதுங்கியே இருந்தார். நம் இளையோர் பலர் இன்று மரியாயின் சேனையைப் பார்த்து ஒதுங்குகிறார்களே, அதே பயம்தான்.

1640 அக்டோபரில் செபமாலை அன்னையின் திருநாள் பவனி. கூட்டம் மிகுந்ததால் பவனி வெளியே தெரு வழியாகச் சென்றது. மடத்து ஆலய வாயிலின் மேலே இருந்த மாதாவின் கல் சுரூபத்தை மார்கரீத் நிமிர்ந்து பார்த்தார். எத்தனையோ முறை பார்த்த சுரூபம்தான். அன்று அது மிக அழகாகத் தெரிந்தது. அந்த நேரத்திலேயே தன் உள்ளம் மாறிப்போனதாக முதுமையில் அவர் நினைவுகூர்ந்தார். காட்சியும் இல்லை, குரலும் இல்லை. வீட்டுக்கு வந்தவர் அலங்காரங்களை ஒதுக்கிவைத்தார். முன்பு பயந்து விலகிய குழுவிலேயே போய்ச் சேர்ந்தார்.

அந்தக் குழுவின் அமைப்பைச் சற்று விளக்க வேண்டும். திரிதெந்தின் பொதுச்சங்கமும், அதன்பின் 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் பிறப்பித்த ஆணையும், வார்த்தைப்பாடு கொடுத்த பெண் துறவியர் மடத்தின் மதில்களுக்குள் அடைபட்டே வாழவேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிட்டன. கற்பிக்கும் கன்னியர்கள்கூட, மடத்துக்குள் வரும் பிள்ளைகளுக்கு மட்டுமே கற்பிக்கலாம். மடத்துக்கு வர வசதியில்லாத ஏழைச் சிறுமிகளின் கதி என்ன? துருவா நகரக் கன்னியர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். நகரத்து இளம்பெண்களைப் பயிற்றுவித்துத் தங்கள் சார்பாக வெளியே அனுப்பினார்கள். சம்பளம் இல்லாத தொண்டர்கள். மார்கரீத் பதின்மூன்று ஆண்டுகள் அப்படி வெளியே சென்று கற்பித்தார்.

இதற்கிடையில் துறவியாகவும் முயன்றார். கார்மேல் மடத்தில் கேட்டார், மறுத்துவிட்டார்கள். வேறு மடங்களும் ஏற்கவில்லை. காரணம் இன்றுவரை தெளிவாக இல்லை. அவருடைய ஆன்ம குரு, மதிலுக்கு வெளியே வாழும் ஒரு சிறு குழுமத்தைத் தொடங்கிப் பார்க்கச் சொன்னார். மூன்று பேர் சேர்ந்தார்கள். ஒருவர் இறந்துபோனார், மற்றொருவர் திருமணம் செய்துகொண்டார். மார்கரீத் மட்டும் மிஞ்சினார். 1651இல் தந்தையும் இறந்தார். முப்பது வயதைத் தாண்டிய, மணமாகாத, மடத்திலும் இடம் கிடைக்காத ஒரு பெண். அந்தக் காலத்துக் கண்களுக்கு அவர் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது.

1652இல் மெசொன்னெவ் என்ற ஆளுநர் துருவா நகருக்கு வந்தார். கடலுக்கு அப்பால், இன்றைய கனடாவில், 1642இல் 'வீல் மாரீ', அதாவது மரியாவின் ஊர், என்ற பெயரில் ஒரு சிறு குடியிருப்பை அவர் நிறுவியிருந்தார். இன்றைய மாண்ட்ரியல் அதுவே. அவருடைய சகோதரி துருவா நகர மடத்தில் கன்னியராக இருந்தார். அங்கிருந்த கன்னியர்கள் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். மதில் கட்டி மடம் அமைத்துக் காப்பாற்ற அந்தச் சின்னஞ்சிறு ஊரால் முடியாது. ஓர் ஆசிரியை வந்தால் போதும் என்றார் அவர். மார்கரீத் புறப்பட்டார். கையில் இருந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு சிறு மூட்டையோடு கிளம்பினார். ஆண்கள் சுமார் நூறு பேர் செல்லும் கப்பலில் ஒரு பெண் துணிந்து ஏறுவதைப் பார்த்து ஊரார் என்னென்ன பேசியிருப்பார்கள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1653 சூன் 20ஆம் நாள் கப்பல் புறப்பட்டது. நடுக்கடலில் தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியதால் திரும்ப வேண்டியதாயிற்று. மறுபடி சூலை 20ஆம் நாள் புறப்பட்டார்கள். வழியில் கொள்ளைநோய் பரவி எட்டுப் பேர் இறந்தார்கள். மார்கரீத் நோயாளிகளின் அருகிலேயே இருந்து கவனித்தார், மரிப்பவர்களுக்குச் செபம் சொன்னார். செப்டம்பர் 22ஆம் நாள் கியூபெக் துறையில் இறங்கியபோது, அந்த முரட்டு ஆள்களுக்கு அவர் சகோதரி ஆகியிருந்தார்.

குளிர்காலத் தொடக்கத்தில் வீல் மாரீயை அடைந்தார். பள்ளி நடத்த வந்த ஆசிரியைக்கு அங்கே காத்திருந்த செய்தி இதுதான்: பள்ளிக்கு வரும் வயதில் பிள்ளைகளே இல்லை. பிறந்த குழந்தைகள் எல்லாம் பச்சிளம் வயதிலேயே இறந்துகொண்டிருந்தன. பல ஆண்டுகளாக ஒரு குழந்தைகூடத் தங்கவில்லை.

இந்த இடத்தில்தான் மார்கரீத் எனக்கு மிகவும் பிடித்துப்போகிறார். நம்மில் ஒருவராக இருந்தால் அடுத்த கப்பலில் திரும்பியிருப்போம், அல்லது இறைவா ஏன் என்னை அழைத்தாய் என்று முணுமுணுத்துக்கொண்டிருப்போம். அவர் துணி துவைத்தார். தையல் தெரியாத ஆண்களின் கிழிந்த உடைகளைத் தைத்துக் கொடுத்தார். ஆளுநரின் வீட்டைக் கவனித்துக்கொண்டார். மருத்துவமனையை நடத்திய ஜான் மான்ஸ் என்ற பொதுநிலைப் பெண்மணியோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார். வெள்ளம் வடிந்ததற்கு நன்றியாக மெசொன்னெவ் 1643இல் மலைமேல் நட்டிருந்த சிலுவை அழிந்து கிடந்தது. ஆள்களை அழைத்துக்கொண்டு போய் அதைத் திரும்ப நாட்டினார். ஊருக்கு வெளியே மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டு, அவரவர் கைவேலையைக் காணிக்கையாகக் கேட்டார். கல் சுமந்தவர்கள் உண்டு, மரம் அறுத்தவர்கள் உண்டு. அந்த வேலை பாதியில் நின்றுபோய், இருபது ஆண்டுகள் கழித்தே முடிந்தது என்பது வேறு கதை. இப்படியே நாலரை ஆண்டுகள். பிள்ளைகள் இல்லாத ஆசிரியை ஊரையே பிள்ளையாக்கிக்கொண்டார்.

1658இல் சில குழந்தைகள் வளர்ந்திருந்தார்கள். ஆளுநர் அவருக்கு ஒரு கட்டடம் கொடுத்தார். கல்லால் கட்டிய தொழுவம் அது. கீழே கால்நடைகள் இருந்த இடம், மேலே புறாக்கள் இருந்த பரண். மார்கரீத் சாணத்தை வாரி, கழுவி, கணப்பு அடுப்புக்குப் புகைபோக்கி வைத்து, ஏப்ரல் 30ஆம் நாள் பள்ளியைத் தொடங்கினார். பையன்களும் சிறுமிகளும் கீழே படித்தார்கள். இரவில் வெளிப்பக்க ஏணி வழியாக ஏறிப் பரணில் அவர் தூங்கினார். அவரைப்பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெத்லகேமை நினைவூட்டாமல் விடுவதில்லை. நானும் தலைப்பிலேயே அதைச் செய்துவிட்டேன். ஆனால் அவர் அதைக் கவிதையாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. இடம் கிடைத்தது, சுத்தம் செய்தார், அவ்வளவுதான்.

அதே ஆண்டிலேயே பிரான்சுக்குத் திரும்பிச் சென்று, 1659இல் நான்கு தோழியரோடு வந்தார். ஒரு பெண்ணின் தந்தை, எப்படிப் பிழைப்பீர்கள் என்று கேட்டபோது, ரொட்டியும் கஞ்சியும் தருவேன், எங்கள் கைகளால் உழைத்துச் சாப்பிடுவோம் என்று மட்டுமே அவரால் உறுதியளிக்க முடிந்தது. பெற்றோரிடம் கட்டணம் வாங்குவதில்லை என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். அதற்காக இரவெல்லாம் தைத்தார்கள், பகலில் பண்ணையில் உழைத்தார்கள். படிப்போடு சமையல், தையல், வீட்டுக் கணக்கு எல்லாம் சிறுமிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

1663 முதல் பத்தாண்டுகளுக்கு, குடியேறிய ஆண்களுக்கு மனைவியராக இளம்பெண்களை அரசர் பதினான்காம் லூயி கப்பல் கப்பலாக அனுப்பினார். அரசரின் மகள்கள் என்று பெயர் மட்டும் பெரிது. பலர் அநாதைகள், குளிரும் காடும் பார்த்தறியாதவர்கள். மாண்ட்ரியலுக்கு வந்தவர்களை மார்கரீத் ஆற்றங்கரைக்கே போய் வரவேற்றார், தம் வீட்டில் தங்கவைத்தார், அவர்களோடு தாமும் தங்கினார். யாரை மணப்பது என்று அவர்கள் அவசரமின்றி முடிவு செய்ய அவர் கூரையின்கீழ் இடம் இருந்தது. அந்தக் காலத்து மாண்ட்ரியல் திருமண ஒப்பந்தங்கள் பலவற்றில் அவர் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறார். அவர் பள்ளிப் பிள்ளைகளில் பலர் அந்தப் பெண்களுக்குப் பிறந்தவர்கள்.

மலையடிவாரத்தில் பூர்வகுடி மக்களுக்காகச் சுல்பீசியன் குருக்கள் அமைத்த பணித்தளத்திலும் அவருடைய சகோதரிகள் சிறுமிகளுக்குக் கற்பித்தார்கள். பூர்வகுடிப் பெண்கள் இருவரைத் தம் குழுமத்தில் சகோதரிகளாகவே ஏற்றார் மார்கரீத். அந்த நிலம் முதலில் யாருடையது என்ற கேள்வியை அன்று வந்த குடியேறிகள் கேட்கவில்லை. அவரும் தம் காலத்தின் பிள்ளைதான். ஆயினும் அந்த இரு பெண்களும் பணிவிடைக்காரிகளாக அல்ல, சகோதரிகளாகவும் ஆசிரியைகளாகவும் வாழ்ந்தார்கள் என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும்.

இனி அவருடைய வாழ்வின் நீண்ட போராட்டத்துக்கு வருகிறேன். 1671இல் அரசரின் அங்கீகாரம் கிடைத்தது. 1676இல் ஆயர் லவால் குழுமத்தைத் திருச்சபை முறைப்படி ஏற்றார். ஆனால் வாழ்க்கை ஒழுங்கு உறுதிசெய்யப்படவில்லை. ஆயர்களுக்கு ஒரே கவலை. இந்தப் பெண்கள் மடத்து மதில் இல்லாமல், முக்காடு அணிந்த துறவியராகவும் இல்லாமல், படகிலும் பனியிலும் ஊர் ஊராகப் போகிறார்களே, இவர்களுக்கு யார் பாதுகாப்பு? நாளை நோயுற்றால் யார் சோறு போடுவார்கள்? இந்தக் கவலையை நாம் ஏளனம் செய்யக்கூடாது. அவர்கள் கையில் இருந்த திருச்சபைச் சட்டம் அப்படி. ஆகவே, ஏற்கனவே அடைபட்ட மடமாக இருந்த உர்சுலைன் கன்னியரோடு இணைந்துவிடுங்கள் என்றார்கள்.

மார்கரீத்தின் பதில் ஓர் இறையியலாளரின் பதில். நான் குருமடத்தில் படித்த நாள்களில் மரியியல் பாடத்தில் இவர் பெயரைக் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். மரியா அடைபட்டு வாழவில்லை என்பது அவர் வாதம். வானதூதர் வந்துபோனதும், மரியா மலைநாட்டுக்கு விரைந்து நடந்து எலிசபெத்துக்கு உதவப் போனார். இயேசுவின் விண்ணேற்றத்துக்குப் பிறகும் திருத்தூதர்களின் நடுவே இருந்து, முதல் கிறிஸ்தவர்களுக்குக் கற்பித்தார். அந்த மரியாவே எங்கள் சபைத் தலைவி. எங்களுக்குப் பயண வாழ்வே துறவு வாழ்வு என்றார். மடம் பிள்ளைகளைத் தேடிப் போக வேண்டும், பிள்ளைகள் மடத்தைத் தேடி வர முடியாது. மெக்கானிக் கடையில் வேலை பார்க்கும் சிறுவனைத் தேடி மாலைப் பள்ளி நடத்தும் நம் சகோதரிகளுக்கு இது இன்று சாதாரணம். அன்று இதைச் சொல்ல அவருக்கு மிகுந்த துணிவு தேவைப்பட்டது.

1679இல் இதற்காகவே மூன்றாம் முறை கடல் கடந்தார். பாரிசில் இருந்த ஆயர் லவால் அவர் வந்ததை விரும்பவில்லை. புதிய தோழியரை அழைத்துப் போகவும் தடை சொன்னார். வெறுங்கையோடு திரும்பினார். 1683 டிசம்பரில் இல்லம் தீப்பற்றி எரிந்தது. இரு சகோதரிகள் அதில் மாண்டார்கள். ஒருவர் மார்கரீத்தின் உடன்பிறந்தவரின் மகள். தமக்குப் பின் சபையை நடத்துவார்கள் என்று அவர் எதிர்பார்த்திருந்தவர்கள் அவர்கள். எரிந்த வீட்டின் சாம்பலில் நிற்கும்போதும், உர்சுலைன் கன்னியரோடு சேர்ந்துவிடுங்கள் என்ற பேச்சு மீண்டும் வந்தது. மறுபடி கட்டத் தொடங்கினார்.

அடுத்து வந்த ஆயர் சேன் வாலியே வேகமும் உறுதியும் மிக்கவர். கியூபெக்கில் ஏழைகளுக்கான இல்லம் ஒன்றின் பொறுப்பை ஏற்க அவர் அழைத்தபோது, எழுபது வயதை நெருங்கிய மார்கரீத் மாண்ட்ரியலிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர் பனியில் நடந்து போனார். கீழ்ப்படிதல் அவருக்கு வாய்ப்பேச்சு அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். தம் கருத்தை விடவும் இல்லை, ஆயரை விட்டுப் போகவும் இல்லை.

இந்த வயதில்தான் மிகப் பெரிய இருள் வந்தது. சபையில் ஒரு சகோதரி, இறந்துபோன ஒருவர் தனக்குத் தோன்றி, மார்கரீத் சாவான பாவ நிலையில் இருப்பதாகச் சொன்னார் என்று கூறிவிட்டார். இன்று நமக்கு இது சிரிப்பாகத் தோன்றலாம். அவர் அதை நம்பினார். ஐம்பது மாதங்கள், நான்கு ஆண்டுகளுக்கும் மேல், கடவுள் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணத்தோடு வாழ்ந்தார். தலைவி பொறுப்பைத் துறக்க விரும்பினார். 1693வரை அதுவும் முடியவில்லை. நற்கருணை வாங்கவும் தகுதியற்றவள் என்று தம்மை எண்ணிக்கொண்ட ஒரு மூதாட்டி, காலையில் எழுந்து மற்றவர்களுக்கு வேலைகளைப் பகிர்ந்துகொடுத்துக்கொண்டிருந்தார். செபம் இனிக்கவில்லை என்பதற்காகப் பீடப்பணியை, பாடகர் குழுவை, மறைக்கல்வி வகுப்பை விட்டுவிடலாமா என்று ஒப்புரவுத் தொட்டியில் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் கதை இதுதான்.

1694இல் ஆயர் கொடுத்த ஒழுங்குவிதிகள் சகோதரிகளை அதிர வைத்தன. அடைபட்ட மடங்களின் சாயல் அதில் இருந்தது. சேருகிறவர்கள் சீதனம் கொண்டுவர வேண்டும் என்றும் இருந்தது. நல்ல மனம் மட்டும் இருந்து, போட்டுக்கொள்ள உடையும் இல்லாத ஏழைப் பெண் தொலைவில் இருந்தால், தம் தோளில் சுமந்துகொண்டாவது வந்து சேர்த்துக்கொள்வேன் என்ற கருத்துடையவர் மார்கரீத். சகோதரிகள் பணிவோடு கால அவகாசம் கேட்டார்கள். பாரிசில் இருந்த சுல்பீசியன் தலைவர் துரோன்சோன் நடுவில் நின்று பேசினார். 1698இல் திருத்திய ஒழுங்கு வந்தது. அவர் விரும்பியது எல்லாம் கிடைக்கவில்லை. சீதனம் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அடைப்பு வரவில்லை. 78 வயதில் மற்ற சகோதரிகளோடு முழந்தாளிட்டு வார்த்தைப்பாடு கொடுத்து, தூய நற்கருணையின் சகோதரி மார்கரீத் என்ற பெயரை ஏற்றார். கார்மேல் மடத்தின் கதவைத் தட்டி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

1699 டிசம்பர் 31ஆம் நாள் இரவு. இளம் சகோதரி கத்தரீன் ஷார்லி சாகும் தறுவாயில் இருந்தார். பயன்படும் இந்தப் பிள்ளைக்குப் பதிலாக ஒன்றுக்கும் உதவாத இந்தக் கிழவியை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று மார்கரீத் ஆண்டவரிடம் கேட்டார். கத்தரீன் பிழைத்தார், பின்னும் பல ஆண்டுகள் பணியாற்றினார். மார்கரீத்துக்கு அன்றே காய்ச்சல் கண்டது. 1700 சனவரி 12ஆம் நாள் இறந்தார். பங்கு மக்கள் உடலைத் தங்களுக்கே வேண்டும் என்றார்கள், சகோதரிகளும் கேட்டார்கள். முடிவில் உடல் பங்கு ஆலயத்துக்கும், இதயம் சகோதரிகளுக்கும் என்று தீர்ந்தது. 1950இல் அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். 1982 அக்டோபர் 31ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அவர் இறந்தவுடன், பியர் லெபெர் என்ற ஓவியர் அந்த முகத்தை வரைந்தார். பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வேறு வண்ணம் பூசி, இன்னும் இனிமையான, புனிதர் படங்களில் நாம் வழக்கமாகப் பார்க்கும் முகமாக மாற்றிவிட்டார்கள். 1960களில் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்தபோது அடியில் இருந்த முகம் வெளிப்பட்டது. ஒட்டிய கன்னம், தாழ்ந்த இமைகள், வெயிலும் பனியும் பட்ட ஓர் உழைப்பாளியின் முகம்.

துறைமுகத்தை நோக்கிய நற்சகாய அன்னை ஆலயம்தான் பாதியில் நின்று பிறகு 1678இல் அவர் கட்டி முடித்தது. 1754இல் அது எரிந்தது. பிரான்சிலிருந்து அவர் கொண்டுவந்த, கையளவேயான மாதாவின் மரச் சுரூபம் சாம்பலுக்குள் சேதமின்றிக் கிடைத்தது. பழைய அடித்தளத்தின் மேலேயே 1771இல் ஆலயத்தைத் திரும்ப எழுப்பத் தொடங்கினார்கள். 2005இல் மார்கரீத்தின் உடலை அங்கே கொண்டுவந்து அந்தச் சுரூபத்தின் அருகில் வைத்தார்கள். மாண்ட்ரியலில் நம் மக்கள் பலர் வாழ்கிறார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு நாள் அந்த ஆலயத்துக்கும் போய் வாருங்கள். கரை சேர்ந்த மாலுமிகள் காணிக்கையாகக் கொடுத்த சிறு கப்பல் விளக்குகள் அங்கே கூரையிலிருந்து தொங்குகின்றன.